ஒரு சாண் டேப்

சென்ற மாதம் ஒரு பெண் பொறியாளர் தொலைபேசியில் அழைத்தார். நான் ஓய்வு பெற்ற துறையில்தான் இப்போது வேலை பார்க்கிறாராம். கணினியின் பழைய காந்த நாடாக்கள் பற்றிய சொற்களைத் தமிழில் தொகுக்கும் பொறுப்பு அவர் தலையில் விழுந்திருக்கிறது. அந்த நாடாக்களைக் கையால் தொட்டு வேலை பார்த்தவர்கள் யாராவது இருக்கிறார்களா என்று விசாரித்து, என் எண்ணைப் பிடித்திருக்கிறார். ரீல், லேபிள், பிளாக், பேரிட்டி என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டே வந்தார்.

“இனிஷியலைஸ்ங்கிறதுக்கு ‘துவக்கு’ன்னு போட்டிருக்கோம் மேடம். சரியா இருக்குமா?”

“வேற எதை வேணும்னாலும் போடுங்கம்மா. அத மட்டும் போட்ராதீங்க,” என்றேன்.

ஏன் என்று கேட்டார். போனில் சொல்லி முடியாது, எழுதி அனுப்புகிறேன் என்றேன். எழுத உட்கார்ந்த பிறகுதான், இதை இத்தனை வருடங்களில் யாருக்கும் முழுதாகச் சொன்னதில்லை என்று தெரிந்தது.

நான் அருப்புக்கோட்டைப் பக்கத்துப் பாலவனத்தத்துக்காரி. அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் காட்டில் களையெடுத்து, பருத்தி எடுத்து என்னைப் படிக்கவைத்தார்கள். கணிதத்தில் பட்டம் வாங்கினேன். சென்னையில் மூன்று மாதப் பயிற்சி. அங்கே கற்றுக்கொண்டதில் பாதி, ஊருக்குத் திரும்பும் ரயிலிலேயே மறந்துபோனது. அருப்புக்கோட்டையில் வெளிநாட்டு உதவியோடு ஒரு நிலத்தடி நீர் ஆய்வுத் திட்டம் தொடங்கியிருந்தார்கள். வறண்ட தாலுகாக்களில் உள்ள குடிநீர்க் கிணறுகளில் எல்லாம் தண்ணீர் எடுத்துச் சோதித்து, முடிவுகளைக் கணினியில் ஏற்ற வேண்டும். அந்தக் கணினிக்கு ஆபரேட்டராகத்தான் எனக்கு முதல் வேலை.

பீரோ அகலத்தில் ஒரு கணினி. அதன் பக்கத்தில் அதே உயரத்துக்கு டேப் எந்திரம். அந்தக் கட்டிடத்தில் ஏ.சி. இருந்த ஒரே அறை எங்களுடையது. சித்திரை, வைகாசியில் அலுவலகத்தில் எல்லோருக்கும் எங்கள் அறையில் ஏதாவது ஒரு வேலை இருக்கும்.

எனக்கு மேலே இருந்தவர் ஜப்பார் சார். வீரசோழன் என்ற ஊர்க்காரர். என்னைவிட ஏழெட்டு வயதுதான் கூடுதல். தினமும் பஸ்ஸில் வந்து போவார். கடைநிலை ஊழியரிலிருந்து மேலதிகாரி வரை எல்லோரையும் “வாங்க, போங்க” என்றுதான் அழைப்பார். அவரிடம் ஒரு பழக்கம் உண்டு. எது பழுதானாலும், “என்ன செஞ்சீங்க?” என்று கேட்கமாட்டார். “என்ன பாத்தீங்க?” என்றுதான் கேட்பார். விளக்கு எரிந்ததா, ரீல் எந்தப் பக்கம் சுற்றியது, சத்தம் எப்படி இருந்தது என்று ஒவ்வொன்றாகச் சொல்லவைப்பார். சொல்லி முடிப்பதற்குள் நம் தவறு நமக்கே தெரிந்துவிடும். அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசமாட்டார்.

டேப்பை எந்திரத்தில் ஏற்றுவதற்கு அவர் ஒரு முறை வைத்திருந்தார். முதலில் கையை சோப்புப் போட்டுக் கழுவித் துடைக்க வேண்டும். எங்கள் ஊர்க் கரிசல் தூசி டேப்புக்கு எமன். தரையை ஒரு நாளைக்கு மூன்று தடவை ஈரத்துணியால் துடைப்போம். பிறகு, டேப்பைப் படிக்கும் ‘ஹெட்’ என்ற சிறிய உலோகப் பகுதியை ஸ்பிரிட் நனைத்த துணியால் ஒரே திசையில் துடைக்க வேண்டும். துணியில் பழுப்பு நிறம் ஒட்டாமல் வரும்வரை துடைக்க வேண்டும். அதன் பிறகுதான் டப்பாவைத் திறந்து ரீலை எடுக்கலாம்.

ரீலை எடுத்ததும் அதன் முதுகைத் திருப்பிப் பார்க்க வேண்டும். பின்பக்கம் ஒரு பள்ளம் இருக்கும். அதில் மஞ்சள் பிளாஸ்டிக் வளையம் ஒன்று பொருந்தும். வளையம் இருந்தால் எந்திரம் டேப்பில் எழுதும். வளையம் இல்லையென்றால் படிக்க மட்டும் செய்யும். எழுதி முடித்த டேப்பிலிருந்து வளையத்தைக் கழற்றிவிட வேண்டும் என்பது சட்டம். அப்புறம் நாடாவின் நுனியை உருளைகளுக்கு நடுவே கோத்து, எதிர்ப்பக்கத்து ரீலில் மூன்று சுற்றுச் சுற்றிவிட்டுப் பொத்தானை அமுக்க வேண்டும். டேப்பின் தொடக்கத்தில் கடுகளவு வெள்ளித் தகடு ஒட்டியிருக்கும். எந்திரம் அதைக் கண்டுபிடித்து நின்றதும் பச்சை விளக்கு எரியும். அந்தப் பச்சையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு சந்தோஷம் வரும். இத்தனை வருடம் கழித்து இதை எழுதும்போதும் வருகிறது.

நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம், ஐப்பசியில் அப்படி ஒரு மழை. எங்கள் வறட்சிச் சீமையே நனைந்தது. கோடவுன் ஓடு ஒழுகி, அந்தக் கோடையில் களப்பணியாளர்கள் கொண்டுவந்த கிணற்றுப் படிவங்கள் எல்லாம் கூழாகிவிட்டன. கணினியில் ஏற்றியாயிற்று என்பதால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்த வாரமே கணினியின் டிஸ்க் கெட்டுப்போனது. அதற்கும் நாங்கள் கலங்கவில்லை. டிஸ்கில் இருந்ததெல்லாம் ஒரு டேப்பில் சேமிக்கப்பட்டிருந்தது. அந்தக் கோடையின் சோதனை முடிவுகள் மொத்தமும் உலகத்தில் இருந்தது அந்த ஒரு டேப்பில்தான் என்பது எங்களுக்கு உறைக்கவில்லை. மதுரை அலுவலகத்துக்கு அனுப்பியிருந்த நகல் அதற்கு முந்திய வருடத்தது.

மதுரையிலிருந்து சர்வீஸ் என்ஜினீயர் வந்து புது டிஸ்கை மாட்டினார். ஜப்பார் சார் அன்று முற்பகல் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தார். என்ஜினீயருக்கு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. ஒரு துண்டுத்தாளில் ஆங்கிலத்தில் மூன்று சொற்களை எழுதி என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். இனிஷியலைஸ், மவுண்ட், ரெஸ்டோர். இவ்வளவுதான்.

மவுண்ட் என்றால் ஏற்றுவது. ரெஸ்டோர் என்றால் டேப்பிலிருந்து டிஸ்குக்குத் திரும்பக் கொண்டுவருவது. இரண்டும் எனக்குத் தெரியும். இனிஷியலைஸ் என்பதைப் பயிற்சியில் கேட்ட ஞாபகம் மட்டும் இருந்தது. ‘இனிஷியல்’ என்றால் முதல் எழுத்து, ஆரம்பம். ஆகவே துவக்கு என்று பொருள் எடுத்துக்கொண்டேன். எதைத் துவக்குவது என்பதற்கும் எனக்குச் சந்தேகம் வரவில்லை. வேலை டேப்பில்தானே?

முறைப்படி கை கழுவினேன். ஹெட்டைத் துடைத்தேன். ரீலை எடுத்தேன். அதன் முதுகைப் பார்க்கவில்லை. எழுதிய டேப்பில் வளையம் இருக்காது என்ற நம்பிக்கை. பச்சை விளக்கு எரிந்ததும், டேப் எந்திரத்தின் பெயரைச் சேர்த்து அந்தக் கட்டளையை அடித்தேன்.

ரீல் லேசாகத் துள்ளி, கொஞ்சம் முன்னே ஓடி நின்றது. இரண்டு விநாடிகூட ஆகியிருக்காது. படிக்கப்போகும் டேப்பில் ஏன் எழுதும் விளக்கு எரிந்து அணைந்தது என்று நினைத்தேன். டேப்பில் என்ன இருக்கிறது என்று பட்டியல் கேட்டேன். ஒன்றும் இல்லை என்று வந்தது. மறுபடி கேட்டேன். ஒன்றும் இல்லை.

இனிஷியலைஸ் என்றால் உள்ளே இருப்பதைத் தூக்கிப்போட்டுவிட்டுப் புதிதாக ஆக்குவது. என்ஜினீயர் எழுதியது புது டிஸ்குக்கு. நான் செய்தது டேப்புக்கு.

ஜப்பார் சார் வந்தபோது நான் நாற்காலியில் இல்லை, தரையில் உட்கார்ந்திருந்தேனாம். அது எனக்கு நினைவில்லை. அவர் பின்னால் சொன்னது. அவர் கேட்டது நினைவிருக்கிறது.

“பேச்சியம்மா, என்ன பாத்தீங்க?”

சொன்னேன். அவர் முதலில் டேப்பை இறக்கி, ரீலைத் திருப்பி, வளையத்தைக் கழற்றி மேசையில் வைத்தார்.

“இது நான் கழட்டாம விட்டது,” என்றார். “சனிக்கிழமை எழுதி முடிச்சிட்டு பஸ்ஸப் பிடிக்க ஓடுனேன்.” பிறகு கேட்டார், “ரீலு எம்புட்டுத் தூரம் ஓடுச்சு?”

நான் கையை விரித்துக் காட்டினேன். “ஒரு சாண் இருக்கும் சார்.”

“நல்லா யோசிச்சுச் சொல்லுங்க.”

“ஒரு சாண்தான். நான் பாத்துக்கிட்டே இருந்தேன்.”

“மொத்த டேப்பு ரெண்டாயிரத்து நானூறு அடி. அதுல ஒரு சாண்தான் போயிருக்கு. மிச்சம் அப்பிடியேதான் இருக்கு. இங்கனயே முடிஞ்சிருச்சுன்னு நாம ஒரு போர்டு நட்டுட்டோம். போர்டுக்கு அங்கிட்டு ரோடு இல்லாமலா போயிரும்?”

டேப்பின் முடிவைக் காட்ட எந்திரம் இரண்டு குறிகளை எழுதும். அவற்றைக் கண்டதும் நின்றுவிடும். அந்த இரண்டு குறிகளையும் தாண்டிப் போ என்று சொல்லும் ஒரு சின்ன நிரலை அவர் எழுதினார். அன்று மாலைவரை அதே வேலை. முதலில் வந்தவை எல்லாம் பிழைகள்தான். டேப்பின் அகலத்தில் ஒன்பது தடங்கள் உண்டு. எட்டில் தகவல் இருக்கும். ஒன்பதாவது, அந்த எட்டும் சரியாக இருக்கின்றனவா என்று சரிபார்ப்பதற்கு. அதைத்தான் பேரிட்டி என்பார்கள். ஜப்பார் சார் அதற்கு வைத்த பெயர் ‘சாட்சித் தடம்’. புதிதாக எழுதியதும் பழையதும் ஒட்டிய இடத்தில் சாட்சி ஒத்துப்போகவில்லை. திரை முழுக்கப் பிழை, பிழை என்று ஓடியது.

பிறகு ஒரு வரி சுத்தமாக வந்தது. கிணறு எண் நாற்பத்தொன்று. ஊர்ப் பெயர், ஆழம், உப்பு, ஃப்ளோரைடு. அதன் கீழே நாற்பத்திரண்டு. நான் அழுதுகொண்டே எண்களைப் படித்தேன். அவர் வெளியே போய் எனக்கு ஒரு டீ வாங்கி வந்தார்.

ஆயிரத்துக்கும் மேற்பட்ட கிணறுகளில் முதல் நாற்பது மட்டும் போயிருந்தன. களப்பணியாளரின் பயணக் குறிப்பு தப்பியிருந்தது. அதன்படி அந்த நாற்பதும் திருச்சுழிக்குக் கிழக்கே உள்ள ஏழு ஊர்களின் கிணறுகள்.

மதுரையிலிருந்த அதிகாரிக்கு ஜப்பார் சார் போன் செய்தார். ஃப்ளோரைடு மிகுந்த ஊர்களின் பட்டியல் பன்னிரண்டு நாளில் போயாக வேண்டும். அந்தப் பட்டியலில் இருக்கும் ஊர்களுக்குத்தான் முதல் கட்டமாகக் குழாய்த் தண்ணீர். விட்டுப்போனால் அடுத்த கட்டம் எப்போது என்று யாருக்கும் தெரியாது. ஃப்ளோரைடு என்ன செய்யும் என்பது எங்கள் பக்கம் எல்லோருக்கும் தெரியும். பல் காவியேறும், முழங்கால் வளையும்.

“இருக்கிறத அனுப்புங்க ஜப்பார். நாப்பது கிணறுதானே?” என்றார் அதிகாரி.

“ஏழு ஊர் சார்,” என்றார் ஜப்பார் சார். போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். “பாட்டில் எடுத்துக்கிட்டு நாமளே போயிருவோமா?”

மறுநாள் காலை பஸ்ஸில் கிளம்பினோம். இரண்டு பைகள் நிறைய பிளாஸ்டிக் பாட்டில்கள். மழைக்குப் பிறகு கருவேலங்காடு பச்சென்று இருந்தது. ஆனால் கிணறுகளில் தண்ணீர் பழைய ஆழத்தில்தான் கிடந்தது.

முதல் ஊரில் பெருமாள்சாமி என்ற விவசாயி, தோட்டத்துக் கிணற்றடியில் எங்களை நிறுத்திவிட்டார். ஊர் குடிப்பது அவர் கிணற்றுத் தண்ணீரைத்தான்.

“வைகாசியில ரெண்டு பேரு வந்து மொண்டுட்டுப் போனாக. இப்ப நீங்க வாரீக. பாட்டில்ல கொண்டுபோறவுக வந்துக்கிட்டேதான் இருக்கீக. ஒருத்தரும் தண்ணி கொண்டுவரக் காணோம்.”

மறுபரிசோதனை என்று ஒரு சொல் என் நாக்கில் வந்து நின்றது. அதைச் சொல்லியிருந்தால் போதும். ஜப்பார் சார் பாட்டில் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார்.

“அய்யா, அவுக எழுதிக் கொண்டாந்த விவரமெல்லாம் என் கையிலதான் இருந்துச்சு,” என்றேன். “நாந்தான் தொலைச்சிட்டேன். அதான் திரும்பவும் வந்திருக்கோம்.”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “தொலைச்சிட்டேன்னு நேர்ல வந்து சொல்ற ஆபீசர இன்னிக்குத்தான் பாக்கேன்,” என்றார். பிறகு தானே வாளியை இறக்கினார்.

மூன்றாம் நாள் போன ஊரில், குறிப்பின்படி நான்கு கிணறுகள். நான்கிலும் எடுத்து முடித்தோம். ஊர்க்காரர் ஒருவர் கூடவே வந்து காட்டினார். ஜப்பார் சார் பாட்டில்களை அடுக்கினார். எனக்கு மட்டும் ஏதோ குறைவதாகப் பட்டது. நான்கு கிணற்றடியிலும் நின்ற பெண்களைப் பார்த்துவிட்டேன். கீழத்தெருவிலிருந்து ஒரு குடம்கூட வரவில்லை. என் அம்மா தண்ணீருக்கு நடந்த பாதை எனக்குத் தெரியும். அது எந்த ஊரிலும் ஊர்க்கிணற்றுக்குப் போகாது.

“கீழத்தெருக்காரவுக எங்க எடுக்காக?” என்று கேட்டேன்.

கூட வந்தவர் ஓடைப் பக்கம் கையைக் காட்டினார். “அவுகளுக்கு ஓடைக்கு அங்கிட்டு ஒண்ணு கெடக்கு,” என்றார்.

“அது குறிப்புல இல்லையே,” என்றார் ஜப்பார் சார் என்னிடம்.

“இருக்காது சார்,” என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். பையைத் தூக்கிக்கொண்டு ஓடையில் இறங்கினார்.

அங்கே செல்லத்தாயி என்ற பெண் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தாள். என்னைவிடப் பத்து வயது கூட இருக்கலாம். நடை எழுபது வயதுக்காரியின் நடை. முழங்கால்கள் இரண்டும் உள்ளே வளைந்திருந்தன. பக்கத்தில் நின்ற பிள்ளைகளின் பற்கள் காவியாக இருந்தன. நான் பாட்டிலை நீட்டியதும் அவள் வாங்கவில்லை.

“எங்க கெணத்துக்கெல்லாம் பாட்டிலு வராதே தாயி. ஊரு மாறி வந்துட்டியளா?”

“இல்லக்கா. இதுக்குத்தான் வந்தோம்.”

அவள் ஒரு வாளி இறைத்து, முதல் வாளியைக் கீழே ஊற்றிவிட்டு, இரண்டாவது வாளியிலிருந்து பாட்டிலை நிரப்பிக் கொடுத்தாள். நல்ல தண்ணீராகத் தரவேண்டும் என்று நினைத்திருக்கிறாள்.

எங்கள் ஆய்வகத்தில் முடிவு வந்தது. அந்த ஊரின் மற்ற நான்கு கிணறுகளும் வரம்புக்குள் இருந்தன. ஓடைக்கு அந்தப் பக்கத்துக் கிணற்றில்தான் ஏழு ஊரிலும் இல்லாத அளவு ஃப்ளோரைடு. என் ஒரு சாண் டேப் அழியாமல் இருந்திருந்தால், அந்த ஊர் பட்டியலிலேயே வந்திருக்காது. இதைச் சொல்லி என் தவறை நியாயப்படுத்த நான் ஒருநாளும் முயன்றதில்லை. ஆனால் நடந்தது அதுதான்.

மதுரை அதிகாரி கூடுதல் கிணற்றை ஏற்கவில்லை. சர்வேயில் இல்லாத கிணறு எப்படி வந்தது, எடுத்துவிடுங்கள் என்று போனில் சொன்னார். ஜப்பார் சார் அதற்கு முன்பே அதைப் பதிவு செய்து, இரண்டு டேப்புகளில் எழுதி முடித்திருந்தார்.

“எழுதி, வளையத்தையும் கழட்டியாச்சு சார். இனி டேப்புல அத அழிக்க முடியாது,” என்றார். வளையத்தைத் திரும்ப மாட்டலாம் என்பது அந்த அதிகாரிக்குத் தெரியாது. ஜப்பார் சார் வாழ்க்கையில் சொன்ன ஒரே பொய் அதுவாகத்தான் இருக்கும். பட்டியல் கூடுதல் கிணற்றோடு போனது.

அடுத்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. தவறு என்னுடையது மட்டுமே என்று நான் எழுதினேன். வளையத்தைக் கழற்றாதது தன்னுடைய தவறு, ஆபரேட்டர் மேல் குற்றமில்லை என்று அவர் எழுதினார். எனக்குத் தெரியாமல் அவரும், அவருக்குத் தெரியாமல் நானும் ஒரே நாளில் தபாலில் போட்டிருந்தோம். இருவருக்கும் மெமோ வந்தது. அவர் பதவி உயர்வு அதனால் இரண்டு வருடம் தள்ளிப்போனது. நான் மன்னிப்புக் கேட்டபோது, “மெமோவுல என் பேர மட்டும் சரியா அடிச்சிருக்காங்க. வழக்கமா ஒரு எழுத்த விட்ருவாங்க,” என்று சொல்லிச் சிரித்தார்.

அந்த வாரமே அவர் ஒரு பெரிய அட்டையில், நாங்கள் பயன்படுத்தும் ஒவ்வொரு கட்டளைக்கும் தமிழில் பொருள் எழுதி எந்திரத்தின் மேல் ஒட்டினார். அகராதிச் சொல் ஒன்றுகூட இல்லை. அந்தச் சொல்லை அடித்தால் என்ன நடக்கும் என்பதுதான் எழுதியிருந்தது. இனிஷியலைஸுக்கு நேரே சிவப்பு மையில், ‘உள்ளே இருப்பது போய்விடும்’ என்று எழுதியிருந்தார். எனக்குப் பின் வந்த ஆபரேட்டர்கள் யாரும் அந்தத் தவறைச் செய்யவில்லை. கேட்ட பொறியாளருக்கு என் பதில் அதுவே.

ரீல் போய் கார்ட்ரிட்ஜ் வந்தது. அதுவும் போனது. நான் வேறு வேறு ஊர்களில், வேறு வேறு எந்திரங்களில் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். ஜப்பார் சார் இப்போது இல்லை.

செல்லத்தாயி ஊருக்குக் குழாய் வந்தது, பட்டியல் போய் நான்கு வருடம் கழித்து. திறப்பு விழாவுக்கு எங்களை யாரும் கூப்பிடவில்லை. ஒரு சனிக்கிழமை மதியம் நானும் ஜப்பார் சாருமாகவே பஸ் ஏறிப் போய் இறங்கினோம். கீழத்தெரு முனையில் ஒரு குழாய் இருந்தது. செல்லத்தாயி எங்களை அடையாளம் கண்டுகொண்டாள். நடப்பதற்குக் கையில் கம்பு வந்திருந்தது.

“தண்ணி எப்பிடிக்கா இருக்கு?” என்று கேட்டேன்.

“சப்புன்னு இருக்கு தாயி. ஒரு உப்பு இல்ல, ஒறப்பு இல்ல. எனக்கு எறங்கவே மாட்டேங்குது,” என்றாள். பிறகு குழாயைத் திறந்து ஒரு செம்பில் பிடித்தாள். இடுப்பில் இருந்த பேத்திக்கு முதலில் ஒரு வாய் கொடுத்தாள். பிள்ளைக்கு அப்போதுதான் முன்பல் இரண்டு முளைத்திருந்தது. பால் வெள்ளை.

மிச்சத் தண்ணீரை ஜப்பார் சாரிடம் நீட்டினாள். அவர் அண்ணாந்து குடித்துவிட்டுச் செம்பை என்னிடம் கொடுத்தார். சப்பென்றுதான் இருந்தது. நான் கடைசிச் சொட்டுவரை குடித்தேன்.